கடையாணி முதல் பிளக் வரை: வன்னியில் உதிரி கொண்டுபோகும் வழக்கத்தின் வரலாறு

வன்னிப் பெருநிலப்பரப்பில் மோட்டார் சைக்கிளிலோ ஜீப்பிலோ நெடுந்தூரம் போகப் புறப்படுகிறவர், எண்ணெய் இருக்கிறதா, ரயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தபின், இருக்கையின் கீழே கைவிட்டுப் பழந்துணியிற் சுற்றிய ஸ்பார்க் பிளக் ஒன்றும் அதைக் கழற்றும் ஸ்பனரும் அங்கே கிடக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொள்வது ஒரு காலத்தில் தவறாத காரியமாக இருந்தது. இவ்வழக்கத்தை 1990களில் வடக்கின்மீது அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடை பெற்றெடுத்தது என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அது பாதி உண்மை. தடைக்காலம் இவ்வழக்கத்தை உச்ச நிலைக்குக் கொண்டுசென்றது. ஆனால் அதன் வித்து வன்னியின் நிலத்திலும் தூரத்திலும் மாட்டு வண்டில் காலந்தொட்டே கிடந்தது என்பதும், ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த யந்திரங்கள் அவ்வித்தை வளர்த்தன என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் ஊரின் வேலி முடியுமிடத்தில் அடுத்த ஊரின் வேலி தொடங்கிவிடும். வண்டி நின்றுபோனால் கூப்பிடு தொலைவில் ஒரு வீடும், சிறிது நடந்தால் ஒரு கராஜும் இருக்கும். ஆனையிறவுக்குத் தெற்கே அந்த வசதி இல்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக அதே முல்லைத்தீவுக்கும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இவ்விரு வழிகளிலும், நெடுங்கேணி, துணுக்காய், அக்கராயன் முதலிய இடங்களுக்குப் பிரியும் கிறவல் தெருக்களிலும், காடும் குளமும் வயலும் மாறி மாறி வருமேயன்றி மனித சஞ்சாரம் தொடர்ச்சியாக வருவதில்லை. கோடையில் செம்புழுதி, ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால் மதகுகளை மேவி ஓடும் வெள்ளம், மாலை மங்கினால் யானை. இத்தகைய பிரதேசத்தில் வழியில் நின்றுபோவது வெறும் தாமதமாக முடிவதில்லை. ஓர் இரவைக் காட்டில் கழிப்பதாகவும், நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க முடியாமற் போவதாகவும் அது முடியக்கூடும்.

ஆகவேதான் வன்னியின் வண்டில்காரன் தன் வண்டிலோடு ஒரு சிறு பட்டறையையே கொண்டு திரிந்தான். சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமற் காக்கும் கடையாணியில் ஒன்று கூடுதலாக, அச்சுக்கு இடும் வண்டில் மை, நுகத்தைக் கட்டக் கயிறு, கைக்கோடரி ஒன்று, தனக்கும் மாட்டுக்கும் தண்ணீர் என்பனவே அவன் முதுசமான சாமான்கள். ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைந்நூல் 1895இல் அச்சாயிற்று. அதிற் காணும் வன்னி, சனத்தொகை அருகி, குளங்கள் தூர்ந்து, காய்ச்சல் மலிந்து கிடந்த ஒரு தேசம். அத்தகைய தேசத்தில் வண்டில்காரனுக்குத் துணை அவன் கொண்டுபோன பொருளும் அவன் கையின் பழக்கமுமே. உடைந்துபோகக்கூடியது எது என்று முன்னரே அறிந்து, அதில் ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுபோவதும், அதை மாற்றத் தானே அறிந்திருப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே நாம் பேசும் வழக்கம். யந்திரம் வந்தபோது கடையாணியின் இடத்தைப் பிளக் பிடித்துக்கொண்டது.

பிளக் என்ற அச்சிறு சாதனத்தின் பூர்வோத்தரத்தையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நன்று. 1860இல் எத்தியன் லெனுவா என்பவர் பரிஸ் நகரில் செய்த வாயு யந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறியைப் பயன்படுத்தினார். எனினும் அது நம்பத்தக்க சாதனமாக மாறியது, ஜெர்மனியில் றொபேட் பொஷ்ஷின் தொழிற்சாலையிற் கடமையாற்றிய கொட்லொப் ஹொனொல்ட் 1902இல் உயர்மின்னழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய பின்னரேயாம். இங்கிலாந்தின் லொட்ஜ், அமெரிக்காவின் சாம்பியன், 1936இல் ஜப்பானின் நகோயாவில் தோன்றிய என்.ஜி.கே. என்று பல பெயர்களில் அது உலகெங்கும் பரவியது. வெண்களிமண் போன்ற ஒரு காப்புக்குழல், அதன் நடுவே ஒரு கம்பி, ஓரத்திலே வளைந்த மற்றொரு கம்பி, இரண்டுக்குமிடையில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஓர் இடைவெளி: அவ்வளவே அதன் சரீரம். அந்த இடைவெளியைப் பல்லாயிரம் வோல்ற் அழுத்தமுள்ள மின்சாரம் தாண்டும்போது பிறக்கும் பொறியில்தான் பெற்றோல் யந்திரத்தின் சீவன் இருக்கிறது.

வன்னிக்கு மோட்டார் வாகனம் முதலில் உத்தியோகத்தரோடு வந்தது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் நிறைவெய்தியது. அதன் கீழ்க் குடியேற்றம் பரவி, யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தைத் தணிக்கும் நோக்கத்தோடு 1936இல் கிளிநொச்சி ஒரு குடியேற்ற ஊராக எழுந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் தளம் அமைந்தது. காட்டுப் பாதையிலும் வயல் வரம்பிலும் ஏறி இறங்கவென்றே பிறந்த ஜீப் என்ற வாகனம் ஈழநாட்டுக்குப் பரிச்சயமானதும் அந்த யுத்தத்தோடுதான். நான்கு சிலிண்டர்களையுடைய அந்த வில்லிஸ் ஜீப்பின் அமுக்க விகிதம் 6.48க்கு 1; இக்காலத்துக் கார்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இந்தக் குறைவின் பெறுமதி பின்னர் விளங்கும். இன்னொரு விசேஷமும் அதில் உண்டு. இராணுவம் ஜீப்பைக் கொடுக்கும்போதே பிளக் கழற்றும் ஸ்பனரையும் உபகரணப் பையிற் போட்டுக் கொடுத்தது. கராஜ் இல்லாத இடத்தில் ஓட்டுபவனே மெக்கானிக் ஆகவேண்டும் என்பதை யந்திரத்தைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். வண்டில்காரனின் தர்மமும் அதுவே.

ஆயினும், வன்னிக் கமக்காரனுக்குப் பிளக்கை அறிமுகப்படுத்தியது ஜீப் என்று சொல்வதற்கில்லை. நீரிறைக்கும் யந்திரமும் உழவு யந்திரமுமே அவனுக்கு அதைக் கற்பித்த ஆசான்கள். 1950களில் தொடங்கித் துலாவும் பட்டையும் கைவிடப்பட்டு, கிணறுகளில் மண்ணெண்ணெய் மிசின்கள் இறைக்கத் தொடங்கின. அம்மிசின்களில் இரண்டு எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும்: சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் முடுக்கி, யந்திரம் சூடேறிய பிறகு திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிவிட்டால், அடுத்த நாள் முடுக்கும்போது கார்பரேட்டரில் பெற்றோலே நிற்கும். இதே சூட்சுமம் உழவு யந்திரத்திலும் இருந்தது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேலாக உற்பத்தியான சிறிய சாம்பல் நிற பேர்க்கசன் உழவு யந்திரத்தில், மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் ரகம் ஒன்று 1949இல் வெளிவந்தது. விளக்கெரிக்கும் எண்ணெய் வயலையும் உழும் என்ற அறிவு, இவ்வாறாக, 1990களின் தடை வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கமக்காரர் மத்தியில் உலவத் தொடங்கிவிட்டது.

கரையோரத்திலும் இதே பாடம் நடந்தது. கொக்கிளாய், அளம்பில், முல்லைத்தீவு முதலிய துறைகளில் பாயும் துடுப்பும் இருந்த இடத்தில் வெளியிணைப்பு யந்திரங்கள் பூட்டப்பட்டபோது, அவற்றிலும் பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடும் ரகமே பெருவழக்காயிற்று. எண்ணெயோடு கலந்து எரியும் அவ்வியந்திரத்தின் பிளக் விரைவிற் கரிபிடிக்கும். உப்புக் காற்று வேறு. கரை தெரியாத தூரத்தில் யந்திரம் அடங்கிவிட்டால் கூப்பிட ஆளில்லை என்ற காரணத்தால், மேலதிகப் பிளக்கும் ஸ்பனரும் இல்லாமற் கடலுக்கு இறங்குவது புத்தியுள்ள மீனவன் செய்கிற காரியமாகக் கருதப்படவில்லை.

மூன்றாவது ஆசான் அரசாங்கத்தின் வர்த்தகக் கொள்கை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியதால் கார் இறக்குமதி அருகியது. 1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த அரசாங்கத்தின் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு மேலும் இறுகியது. அக்கட்டுப்பாட்டினால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராது நின்றதால் வன்னியின் மேட்டுநிலக் கமக்காரன் கையிற் பணம் புரண்டது. அதே கட்டுப்பாட்டினால் அவனது மிசினுக்குரிய உதிரிப் பாகம் கிடைப்பதும் அரிதாயிற்று. பணமிருந்தும் பாகமில்லை என்ற விசித்திரமான நிலையில், தேய்ந்ததை எறியாமல் தீட்டிப் பாவிப்பதும், ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குப் பொருத்துவதும், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பிறந்த வருஷத்தையே மறக்கும்படி ஓட்டுவதும் தமிழ்ப் பிரதேசங்களின் கராஜ்களுக்குக் கைவந்த கலையாயின. 1977க்குப் பிறகு சந்தை திறக்கப்பட்டு, ஹொண்டா சி 50, சி 70, சி 90, எம்.டி. 90 என்ற சிறு மோட்டார் சைக்கிள்களும் லான்ட்மாஸ்டர் என்று யாவரும் அழைக்கும் இருசில்லு உழவு யந்திரமும் பெருவாரியாக வந்து சேர்ந்தன. லான்ட்மாஸ்டர் டீசலில் ஓடுவது. அதற்குப் பிளக் இல்லை. ஹொண்டாவுக்குப் பிளக்கே உயிர்.

1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. அதன்பின் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு, செயற்கை உரம், வாகன உதிரிப் பாகம் முதலிய பலவற்றைக் கொண்டுசெல்வதை அரசாங்கம் தடைசெய்தது; மண்ணெண்ணெய் அளவுகட்டி அனுமதிக்கப்பட்டது. வவுனியாவுக்கு வடக்கே தாண்டிக்குளச் சோதனைச் சாவடியில் மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. ஒரு பிளக், ஒரு சோடி ரோச் பற்றறி என்பன அவ்விடத்தில் சட்டவிரோதப் பண்டங்களாயின. இந்த நிலையில், மக்கள் கைக்கு எட்டியது விளக்கெரிக்க வந்த மண்ணெண்ணெய் ஒன்றே. நீரிறைக்கும் மிசின் கற்பித்த பாடம் இப்போது தெருவுக்கு வந்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இதைச் சாதிப்பதற்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு சிறு போத்தலில் சில துளி பெற்றோலும், ஓயாமற் பிளக்கைக் கழற்றிப் பூட்டும் பொறுமையுமே.

இக்காரியத்தின் விஞ்ஞானத்தைச் சற்று விரித்துக் கூறுவது அவசியம். ஏனெனில் அக்காலத்து மக்களின் திறமையை வியந்து பேசுவோர் பலர், அது எதனோடு போராடியது என்பதை விளக்குவோர் சிலர். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் இயல்புடையது. மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த யந்திரத்தில் அது ஆவியாகாது, துளியாகவே சிலிண்டருக்குள் விழும். பொறி பறந்தாலும் பற்றாது. ஆகவே முதலில் சில துளி பெற்றோலைக் காற்றுப் புகும் வாயிலில் விட்டு உதைத்து யந்திரத்தை எழுப்ப வேண்டும். எழுந்த யந்திரம் அடங்கிவிடாதபடி சூடேற்ற வேண்டும். சூடேறியபின் மண்ணெண்ணெய் ஒருவாறு எரியும். ஒருவாறு என்பதே சரியான சொல். முழுவதும் எரியாத மிச்சம் கரியாக மாறிப் பிஸ்டன் தலையிலும் வால்விலும் பிளக்கின் மூக்கிலும் படியும். இன்னொரு பகுதி சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்து அதை நீராக்கிவிடும். ஒயில் நீர்த்தால் தேய்வு. கரி படிந்தால் அடைப்பு.

இதற்குமேல் இன்னொரு சங்கடமும் உண்டு. அமுக்கத்தைத் தாங்கும் சக்தியைக் குறிக்கும் ஒக்ரேன் எண்ணில், மண்ணெண்ணெய் பெற்றோலின் பாதியைக்கூட எட்டாது. அமுக்க விகிதம் கூடிய புதிய யந்திரத்தில் அதை ஊற்றினால், பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே மிச்சக் கலவை தானாக வெடித்துச் சுத்தியலால் அடிப்பதுபோல் ஓசையெழுப்பும். பாரம் ஏற்றினால் பிஸ்டனையே பழுதாக்கும். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் தாழ்ந்த அமுக்க விகிதம் அவற்றுக்கு இங்கே கவசமாயிற்று. உலகம் பழையவை என்று கழித்துவிட்ட வாகனங்கள் வடக்கில் மட்டும் நெடுங்காலம் வாடகைக்கு ஓடியதற்குப் பழைமைப் பற்றைக் காரணமாகக் கூறுவது தவறு. மட்டமான எரிபொருளைத் தாங்கும் சக்தி அவற்றுக்கே இருந்தது.

இனிப் பிளக்கின் பராமரிப்புக்கு வருவோம். பிளக்கின் மூக்கு ஏறத்தாழ 450 முதல் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூட்டை எட்டாவிட்டால் கரி திரண்டு நிற்கும். கரி மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே, இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டிய மின்சாரம் கரியின் வழியே நழுவிப் போய்விடும். உதைப்பவன் கால் சோர்வதன்றி யந்திரம் எழாது. இதற்காகவே பிளக்குகளைச் ‘சூடான பிளக்’ என்றும் ‘குளிர்ந்த பிளக்’ என்றும் தரம் பிரித்துச் செய்கிறார்கள். மூக்கு நீண்ட காப்புக்குழல் வெப்பத்தைத் தன்னிடம் தேக்கி வைத்துக் கரியை எரிக்கும். மூக்குக் குறுகியது வெப்பத்தை விரைவில் கடத்திவிடும். என்.ஜி.கே. வகையில் இலக்கம் குறையக் குறையச் சூடு கூடும். மண்ணெண்ணெயில் ஓடுபவனுக்கு ஒரு படி சூடான பிளக் உகந்தது. ஆனால் தடைக்காலத்தில் தெரிந்தெடுக்க எங்கே இடமிருந்தது? கிடைத்ததே பிளக். கிடைத்ததும் பொருந்த வேண்டும். ஹொண்டா சி 50, சி 70 ரகங்களின் பிளக் 10 மில்லிமீற்றர்ப் புரியுடையது. ஒஸ்ரின், மொறிஸ் கார்களினது 14 மில்லிமீற்றர். புரி ஒத்திருந்தும் நீளம் மிகுந்தால் பிஸ்டன் வந்து மோதும். ஆதலால் பழைய பிளக்கைச் சுத்தம் செய்வதே தொழிலாயிற்று.

அச்சுத்தம் செய்யும் முறை எளியது போலத் தோன்றினாலும் ஒழுங்குள்ளது. யந்திரம் ஆறியபின் பிளக்கைச் சுற்றியுள்ள புழுதியை ஊதித் துடைத்துவிட்டே கழற்ற வேண்டும். இல்லாவிடின் மணல் சிலிண்டருக்குள் விழும். கழற்றியதும் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். இளம் மண்ணிறமாயின் யந்திரம் நலம். உலர்ந்த கருங்கரியாயின் எரிபொருள் மிகுதி, அல்லது காற்றுவடியில் புழுதி அடைப்பு. எண்ணெய்ப் பசையாயின் பிஸ்டன் வளையம் தேய்வு. வெளுத்துப் பொரிந்திருந்தால் அளவுக்கு மிஞ்சிய சூடு. நாடி பார்க்கும் வைத்தியனுக்குரிய கூர்மையோடு இதைப் படித்தவர்களையே ஊர் நல்ல மெக்கானிக் என்றது. பிறகு கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் கரியை நீக்கி, சிறிது பெற்றோல் விட்டுக் கழுவி, இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். இடைவெளி அளக்கும் தகட்டு மானி இல்லாத இடத்தில் இரும்பறுக்கும் வாளின் அலகே அளவுகோல். அதன் கனம் ஏறத்தாழ 0.025 அங்குலம், அதாவது 0.6 மில்லிமீற்றரைச் சற்றுக் கடந்தது. பழைய ஒஸ்ரின் கார்களுக்கும் சிறு ஹொண்டாக்களுக்கும் வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய அதுவே. இறுதியாக, பிளக்கை அதன் வயரிற் பூட்டி யந்திரத்தின் இரும்போடு சாய்த்துவைத்து உதைத்துப் பார்ப்பார்கள். நீலப்பொறி தெறித்தால் பூட்டலாம். மஞ்சளாக மங்கினால் குற்றம் பிளக்கிலோ கொயிலிலோ இருக்கிறது.

1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்து, அவர்களில் மிகப் பலர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, வாகனங்களும் மெக்கானிக்குகளும் அவர்களோடு வந்தார்கள். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாகியது. 1997 மே மாதம் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, வவுனியாவுக்கு வடக்கே கண்டி வீதி போர்முனையாயிற்று. பெருந்தெருவை இழந்த பிரயாணம் காட்டுப்பாதைக்கு மாறியது. மல்லாவி, அக்கராயன், ஸ்கந்தபுரம், புதுக்குடியிருப்பு என்ற ஊர்கள் சனத்தால் நிரம்பின. மல்லாவிச் சந்தி வன்னியின் கடைத்தெருவாகவே மாறியது. நோயாளி, ஆசிரியர், தபாற்காரர், வியாபாரி என்று எல்லோரும் சேற்றிலும் மணலிலும் ஓடவேண்டியிருந்தது. வீதியில் ஓடும்போது யந்திரம் சீரான வேகத்திற் சூடேறிப் பிளக்கைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். காட்டுப்பாதையில் முதலாம் கியரில் முனகிக்கொண்டு போகும்போதோ அது நடவாது, கரியே படியும். மண்ணெண்ணெயும் மந்தகதியும் சேர்ந்தால் பிளக்கின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அந்நாட்களின் பிரயாணப் பை ஒரு நியமத்துக்குட்பட்டதாயிற்று. கழுவி உலர்த்திய பிளக் ஒன்று அல்லது இரண்டு, பிளக் ஸ்பனர், அரத்தாள் துண்டு, கார்பரேட்டர் ஜெற்றின் துவாரத்தை அடைப்பெடுக்கச் செப்புக் கம்பியின் ஒரு நூல், கிளச் கேபிள், செயின் பூட்டு, ரியூப் ஒட்டும் சாமான், காற்றுப் பம்பு, பெற்றோற் போத்தல்: இவையே அதன் உள்ளடக்கம். ஜெற்றை உருக்குக் கம்பியாற் குத்தினால் துவாரம் பெருத்துவிடும் என்பதால் செப்பு நூலே உத்தமம் என்பதைப் பள்ளிக்கூடப் பையன்களும் அறிந்திருந்தார்கள். பிளக்கைத் துணியிற் சுற்றுவதற்கும் காரணம் உண்டு. காப்புக்குழலில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டாலும் கரி அதனுட் புகுந்து, எத்தனை தரம் கழுவினாலும் பொறி நழுவும். மாரிகாலத்தில் வெள்ளத்தைக் கடக்குமுன் ஜீப்காரர் விசிறிப் பட்டியைக் கழற்றிவிடுவார்கள், சுழலும் விசிறி தண்ணீரை வாரிப் பிளக்கின்மேலும் டிஸ்ரிபியூற்றரின்மேலும் எறியாதபடி. பழைய ரியூப்பை வெட்டிப் பிளக் தொப்பிக்கு உறையிடுவதும் அதே பாதுகாப்புக்காகவே.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட்டதும் உதிரிப் பாகங்கள் கடைகளில் வந்து குவிந்தன. மண்ணெண்ணெய் மணம் தெருக்களை விட்டு நீங்கியது. அந்த ஆறுதல் நான்காண்டுகளே நிலைத்தது. 2006 ஓகஸ்ட்டில் வீதி மீண்டும் மூடுண்டது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் உழவு யந்திரப் பெட்டிகளில் வீட்டுக் கூரையையும் கதவு நிலையையும்கூட ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி இடம் விட்டு இடம் பெயர்ந்து, முடிவில் முள்ளிவாய்க்காலில் அனைத்தையும் போட்டுவிட்டு நந்திக்கடலைக் கடந்து வெறுங்கையோடு வெளியேறினார்கள். எத்தனை உதிரி கொண்டுபோனாலும் கைகொடாத ஒரு பிரயாணம் அது. அவர்கள் விட்டுவந்த சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும் உழவு யந்திரங்களும் அக்கரையோரத்தில் துருப்பிடித்த குவியல்களாக நெடுநாள் கிடந்தன.

இன்றைய வன்னியில் தார்வீதி உண்டு, ரயில் உண்டு, சந்திக்குச் சந்தி உதிரிப் பாகக் கடை உண்டு. இலத்திரனியற் பற்றவைப்புடன் வரும் புதிய மோட்டார் சைக்கிளில் பிளக் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கேள்வியின்றி ஓடும். கழற்றத் தெரியாமலே ஒருவர் அதை வாங்கி விற்றுவிடலாம். ஆனால் 2022இல் நாடு முழுவதையும் எரிபொருட் பஞ்சம் பீடித்து, பெற்றோல் நிரப்பும் நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, தட்டுப்பாடு என்பது வன்னிக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று என்பதை முழு இலங்கையும் கண்டுகொண்டது.

இக்கதையை இரு விதமாகப் பிழைபடச் சொல்லக்கூடும். தடை நமக்கு நன்மை செய்தது, தன்னிறைவைக் கற்பித்தது என்று பெருமை பேசுவது ஒரு பிழை. தடையினால் மக்கள் பட்ட துயரமும், மருந்தின்றி இறந்த உயிர்களும், மண்ணெண்ணெயில் எரிந்து பாழான யந்திரங்களும் அந்தப் பெருமைக்கு விலையாக முடியா. மேலும், கற்பித்தது தடை என்பதே உண்மையன்று, அதற்கு முன்னரே கிணற்றடியிலும் வயலிலும் கடலிலும் கற்றிருந்தவர்கள் கற்றதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதைக் கண்டோம். அது ஏழ்மையின் ஒட்டுவேலை என்று அலட்சியம் செய்வது மற்றப் பிழை. எரிபொருளின் இயல்பு, வெப்பத்தின் அளவு, உலோகத்தின் குணம் ஆகியவற்றைக் கையாலும் கண்ணாலும் அறிந்து, அவ்வறிவை ஒரு சமூகம் முழுவதும் பங்கிட்டுக்கொண்டது சாதாரண காரியமன்று.

அவ்வறிவின் சொந்தக்காரர்கள் முதுமை எய்திவிட்டார்கள். அவர்கள் எழுதிவைத்தது எதுவுமில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், வாகனத் தொழிலைக் கற்பிக்கும் இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றன. அங்கே பயிலும் மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பழைய கராஜ்காரர் ஒருவரிடம் சென்று, அவர் யந்திரத்தை எப்படி மண்ணெண்ணெயில் எழுப்பினார், எந்தக் கருவியால் எதைச் செய்தார் என்பதைக் கேட்டு எழுதி, அக்கருவிகளில் எஞ்சியவற்றையும் சேர்த்துவைப்பார்களாயின், வன்னியின் தொழில்நுட்ப வரலாற்றுக்கு முதல் ஆவணம் கிடைக்கும். அதை அவர்கள் காலந்தாழ்த்தாது செய்ய வேண்டும்.